பஸ்ரியனின் படகில் ஓர் அடைக்கோழி

பஸ்ரியனின் கலியாணத்தன்று கோயிலுக்குள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். பெண்ணை மனைவியாக ஏற்றுக்கொள்ளச் சம்மதமா என்று பங்குச் சுவாமி கேட்கத் தொடங்கினார். கேள்வி மதலேனாவின் பெயருக்கே இன்னும் வந்து சேரவில்லை. அதற்குள் மாப்பிள்ளை "ஓம், சம்மதம்" என்று சொல்லிவிட்டான். யாரை என்று கேட்டுவிட்டாவது சொல்லலாம் என்று சுவாமி மெதுவாகச் சொன்னாராம். அதற்கு முப்பது வருடத்துக்குக் கிட்ட ஆகிறது. மன்னார்த் தீவின் வடகரையில் உள்ள அந்த மீன்பிடி ஊரில் யார் வீட்டுக் கலியாணம் நடந்தாலும், அந்தக் கதை ஒருமுறை வெளியே வந்த பிறகுதான் பந்தியில் சோறு விழும்.

அவசரம் அவனோடு கூடப் பிறந்தது. மருத்துவிச்சி வேலிப் படலையைத் திறக்க முன்னமே பிறந்துவிட்டான் என்று அவனுடைய தாய் சொல்லுவாள். சண்டைக் காலத்தில் இந்தியாவுக்கு ஓடியபோது கரையை விட்ட முதல் வள்ளத்தில் அவன் இருந்தான். ஊருக்குத் திரும்பலாம் என்ற கதை மண்டபம் அகதி முகாமில் காதோடு காதாகப் பரவத் தொடங்கியபோது அவன் மூட்டை கட்டி முடித்திருந்தான். தேத்தண்ணியை ஆற விடமாட்டான். நாக்கைச் சுட்டுக்கொண்டு குடிப்பான். ஞாயிறு பூசைக்குப் போனால் வாசல் தூணோடு நிற்பான். சுவாமி கடைசி ஆசீர்வாதத்துக்குக் கையைத் தூக்கும்போது பஸ்ரியனின் சைக்கிள் சந்தியைத் தாண்டிக்கொண்டிருக்கும். அவன் எடுக்காமல் விட்ட ஆசீர்வாதமெல்லாம் கோயிலுக்குள் குவிந்து கிடக்கிறது, கூட்டிப் பெருக்குகிறவர்களுக்குத்தான் கரைச்சல் என்று அலெக்ஸாண்டர் சொல்லுவான். அலெக்ஸாண்டர் அதே கரையில் பக்கத்துப் படகுக்காரன். கை ஓய்ந்தாலும் வாய் ஓயாதவன்.

கடலில் இந்த அவசரம் பஸ்ரியனுக்குக் கைகொடுத்தது. முதல் போனவனுக்கு நல்ல இடம், முதல் வந்தவனுக்கு நல்ல விலை. வீட்டில்தான் அது ஓரிடத்தில் போய் இடித்துக்கொண்டது.

டினோஜா அவனுடைய ஒரே மகள். பேசும்போது சில சொற்கள் அவளுக்குத் தொண்டையில் மாட்டிக்கொள்ளும். கண்ணை ஒருமுறை மூடித் திறப்பாள். கொஞ்சம் பொறுத்தால் சொல் வந்துவிடும். மதலேனா பொறுப்பாள். பஸ்ரியனுக்கு அது முடியாத காரியம். பிள்ளை ஒரு சொல்லில் நின்றால் போதும், பாணோ, பள்ளிக்கூடமோ, படம் பார்க்கப் போகவோ என்று கையில் அகப்பட்டதையெல்லாம் எடுத்து நீட்டுவான். பிள்ளைக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்தான். அவளுடைய வசனங்களில் பாதி அவன் வாயில் முடிந்தன, முடிந்தவற்றில் பாதி பிழையாக முடிந்தன. பிழை என்று திருத்துவதற்கு இன்னொரு வசனம் தொடங்க வேண்டும் என்பதால் டினோஜா பல நேரம் அப்படியே விட்டுவிட்டாள். பாண் கேட்காமலே பாண் தின்று வளர்ந்த பிள்ளை அது.

இப்போது அவள் தீவுக்கு வெளியே அடம்பன் ஊரில் சுபத்திரா என்பவளின் தையல் கடையில் வேலை செய்கிறாள், அங்கேயே தங்கியும் இருக்கிறாள். ஆவணியில் மடுத் திருநாள் லீவுக்கு வீட்டுக்கு வந்தபோது, பஸ்சில் வந்த வழி முழுக்க மடியில் ஒரு காட்போட் பெட்டியை வைத்திருந்தாள். பெட்டிக்குள் செம்மண் நிறத்தில், இன்னும் முட்டையிடத் தொடங்காத ஒரு பேட்டுக்கோழி. கோடையில் வந்த கழிச்சல் நோயில் தாயின் கோழிகள் ஒன்று மிச்சமில்லாமல் செத்துப்போய் முற்றம் வெறிச்சென்று கிடந்ததை அவள் மறக்கவில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவள் தகப்பனைப் பார்த்து ஏதோ சொல்லத் தொடங்கினாள். "அப்பா, நான்" என்று வந்தது. அடுத்தது வரவில்லை. பஸ்ரியன் சோற்றில் கையை வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய கணக்கில் அது நெடுநேரம். பிறகு அவனே முடித்துவைத்தான். வேலையை விடப் போகிறாய், அதுதானே, உனக்கு ஓரிடத்தில் நிற்கத் தெரியாதோ என்று கேட்டான். அதோடு நிறுத்தியிருக்கலாம். பொறுமையின் அருமையைப் பற்றியும் ஒரு பிரசங்கம் வைத்தான். டினோஜா சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைத்தாள். விடிய முதல் பஸ்சில் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவளுடைய போன் தாய்க்கு மட்டும்தான் வந்தது.

அவள் என்ன சொல்ல வந்தாள் என்பது மதலேனாவுக்குத் தெரியும். கேட்டால் சொல்லமாட்டாள். "அது அவளின்ர கதை. அவள்தான் சொல்லவேணும்" என்பாள். பஸ்ரியன் விடவில்லை. கலியாணமோ, வெளிநாடோ, கண்ணில் ஏதும் வருத்தமோ, சுபத்திராவோடு சண்டையோ என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தான். மதலேனா மீன் வெட்டிக்கொண்டே ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று தலையை ஆட்டினாள். சொந்த மகளிடமிருந்து ஒரு வசனம் வரவேண்டிக் கிடக்கிறது, அது தன்னிடம் வர மறுக்கிறது என்பது பஸ்ரியனை உண்மையாகவே வருத்தியது. வருத்தத்தையும் அவன் அவசரமாகவே பட்டான். இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்துவிட்டு மூன்றாவது வேளை இரண்டு மடங்கு சாப்பிட்டான்.

புரட்டாதி முடியும்போது தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று ஓய்ந்தது. இனி வாடைக் காற்றுக் கிளம்பினால் வடகடல் கொந்தளிக்கும். அதற்கு முதல் வடகரைக்காரர் படகுகளை ட்ரக்டரில் ஏற்றித் தீவின் மற்றப் பக்கம், தென்கரைக்குக் கொண்டுபோய், அங்கே ஓலையால் வாடி அடித்து, அதில் தங்கித் தொழில் செய்வார்கள். வருடா வருடம் முதல் போய்ச் சேருகிறவன் பஸ்ரியன். முதல் போகிறவனுக்கு வாடிக்கு நல்ல மேட்டு நிலம் கிடைக்கும். இம்முறையும் சிலாவத்துறை றிஸ்லானின் ட்ரக்டரை எல்லாருக்கும் முன்னமே பேசி வைத்திருந்தான். இன்ஜின் மட்டும் திருத்த வேலைக்கு மன்னாரில் கிடந்ததால், படகு சில கிழமையாய்க் கரையில் சும்மா கிடந்தது.

இன்ஜின் வந்த அன்று படகுக்குள் ஏறியவன் காலை வைத்த வேகத்தில் திருப்பி எடுத்தான். படகின் முன்மூக்கில், சின்னத் தட்டுக்குக் கீழே, பழைய நண்டு வலைக் குவியலின் மேல் டினோஜா கொண்டு வந்த கோழி பரந்து படுத்திருந்தது. இறகெல்லாம் சிலிர்த்து, தொண்டைக்குள் கொறுகொறு என்று ஏதோ உறுமியது. கையை நீட்டினான், கொத்து விழுந்தது. மதலேனா வந்து கோழியை ஒருபக்கமாய்ச் சரித்துப் பார்த்தாள். கீழே பதினொரு முட்டை, அயல்வீட்டுச் சேவலின் புண்ணியத்தில். கோழி எங்கேயோ களவாய் முட்டையிடுகிறது என்று அவள் விறகுக் குவியலையும் வேலியடியையும் கிளறிக்கொண்டிருந்ததெல்லாம் வீண். தொட்டுப் பார்த்தாள், நல்ல சூடு. அடை கிடக்கத் தொடங்கிவிட்டது.

கோழியைக் கடலில் இரண்டு முக்கு முக்கினால் அடை தெளிந்துவிடும் என்பது பஸ்ரியனின் யோசனை.  மைம்மல் இருட்டுக்குள் மதலேனா கோழியையும் முட்டைகளையும் ஓலைப்பெட்டியில் வைத்துக் குசினிக்குக் கொண்டுபோனாள். விடிந்து பார்த்தால் பெட்டிக்குள் முட்டை இருந்தது, கோழி இல்லை. கோழி படகில், வெறும் வலையின் மேல், முட்டை இருப்பதாகவே நினைத்துக்கொண்டு பரந்து கிடந்தது. மதலேனா ஆறத் தொடங்கிய முட்டைகளைச் சட்டை மடியில் ஏந்திக்கொண்டு கரைக்கு ஓடினாள்.

"இது அவள் கொண்டு வந்த கோழி" என்றாள் முட்டைகளை ஒவ்வொன்றாய்க் கீழே தள்ளிவிட்டு. "பொரிக்க மூண்டு கிழமை செல்லும். போட்டை இழுக்கிறதெண்டால் இழுங்கோ."

இழுங்கோ என்று அவள் சொன்னால் இழுக்கக்கூடாது என்பது பஸ்ரியனுக்குத் தெரியும். கலியாணத்தன்று கேள்வியைக் கேட்காமல் பதில் சொன்னவன் அதற்குப் பிறகு இவ்வளவையாவது கற்றிருந்தான். றிஸ்லானுக்குப் போன் எடுத்து ட்ரக்டர் இப்போது வேண்டாம் என்றான். ஏன் என்று றிஸ்லான் கேட்டான். பஸ்ரியன் காரணத்தைச் சொன்னான்.  றிஸ்லான், கோழிக்கோ என்று மட்டும் கேட்டான்.

ஒவ்வொன்றாகப் படகுகள் போய்க் கரை வெறிச்சோடியது. பஸ்ரியனின் படகு மட்டும் நின்றது. அதன் நிழலில் இரண்டு மூன்று கழுதைகள் வந்து படுத்தன. வாடிக்கு நல்ல மேட்டு நிலத்தை அலெக்ஸாண்டர் பிடித்தான். அதைவிடக் கொடுமை, சும்மா இருக்கமுடியாமல் பஸ்ரியன் தினமும் தென்கரைக்குப் போய் அவனுடைய படகிலேயே ஆளாய்த் தொழிலுக்குப் போனதுதான். அலெக்ஸாண்டர் வலை போட முன் ஒரு பீடி பற்றவைப்பான், அதை முழுதாய்க் குடிப்பான், குடித்து முடித்துக் காற்றை மணந்து பார்ப்பான். பஸ்ரியன் படகின் முன் அணியத்தில் நின்று பல்லைக் கடிப்பான். பொரிக்கிற குஞ்சுகளுக்குத் தானே ஞானத்தகப்பன் என்று அலெக்ஸாண்டர் முதலாவது நாளே சொல்லி வைத்துவிட்டான்.

ஐப்பசி பிறந்ததும் பின்னேரங்களில் இடி முழங்கத் தொடங்கியது. இடிக்கு முட்டைக்குள் இருக்கும் கரு கலங்கிவிடும். அடைக்குள் ஒரு துண்டு இரும்பும் கரியும் வைத்தால் தாங்கும். அந்த ஊரில் அதைச் செய்யாத வீடு இல்லை. முதலாவது முழக்கம் கேட்டபோது மதலேனா செபமாலைக்குக் கோயிலுக்குப் போயிருந்தாள். பஸ்ரியன் ஒரு ஆணி தேடினான். தேடுவதென்றால் அவனுக்கு ஒருமுறை பார்ப்பதுதான். ஆணி அகப்படவில்லை. படகின் நங்கூரத்தைத் தூக்கிக் கொண்டுபோய்க் கோழிக்குப் பக்கத்தில் வைத்தான். முழுக்க இரும்புதானே. கோழி நங்கூரத்தைப் பார்த்தது, அவனைப் பார்த்தது. அதன் பிறகு மழை பிடித்துக்கொண்டது. முன்மூக்கின் மேல் தறப்பாளை இழுத்துப் பிடித்தபடி அவன் படகுக்குள் குந்தியிருந்தான். தென்கரையிலிருந்து வீட்டுக்கு அந்த வழியால் வந்த அலெக்ஸாண்டர் போனில் ஒரு படம் எடுத்தான். இரவு சாப்பிடுவதற்குள் மீனவர் சங்க வட்ஸ்அப்பில் எல்லாரும் பார்த்துவிட்டார்கள்: பஸ்ரியண்ணை அடை கிடக்கிறார்.

வழக்கமாய் இதற்கு ஒரு வாரம் கத்தியிருப்பான். இம்முறை கத்தவில்லை. ஏனென்றால் அதற்கு முதல் நாள் மைம்மலில் மதலேனா ஒரு முட்டையை எடுத்துப் போன் வெளிச்சத்துக்கு மேல் பிடித்துக் காட்டியிருந்தாள். மெல்லிய சிவப்பு நரம்புகள். நடுவில் ஒரு கறுப்பு. கறுப்பு அசைந்தது. பஸ்ரியன் முட்டையைத் திருப்பிக் கொடுக்க மறந்துபோய் நின்றான். கோழி ஒருநாளைக்கு ஒருமுறைதான் இறங்கும். அவசரமாய்த் தின்று, மண் குளித்து, எழும்பிய இடத்துக்கே ஓடும். அந்த அவசரம் அவனுக்கு விளங்கியது. மற்ற நேரமெல்லாம் அசையாமல் கிடக்கிறதே, அதுதான் விளங்கவில்லை.

மூன்றாம் கிழமை முடிய முதலாவது முட்டை உடைந்தது. உடைந்தது என்றால் ஒரு நெல்மணி அளவுத் துளை. உள்ளே இருந்து ஒரு சொண்டு தட்டியது, நின்றது, தட்டியது, பிறகு வெகுநேரம் நின்றது. மதலேனா அருகில் இல்லை. பஸ்ரியன் பார்த்தான். பாவம், அதனால் முடியவில்லை என்று நினைத்தான். பெருவிரல் நகத்தால் ஓட்டில் ஒரு துண்டை உரித்தான், நல்லாய் வந்தது. இன்னொரு துண்டு. மூன்றாவதில் இரத்தம் கசிந்தது. உள்ளே தோல் இன்னும் ஈரமாய் ஒட்டிக்கொண்டிருந்தது, வயிற்றில் மஞ்சள் கரு உள்ளே போகாமல் தொங்கியது. குஞ்சு அவன் கைக்குள் கொஞ்ச நேரம் இருந்தது, பிறகு இல்லை.

மதலேனா வந்தபோது அவன் கையை மூடியபடியே இருந்தான். அவள் ஏசவில்லை. மணலைக் கிண்டிக் குஞ்சைத் தாட்டாள்.

"வெளியில வரமுதல் அதுக்கு உள்ளுக்குக் கொஞ்சம் வேலை கிடக்கு" என்றாள். "நாங்கள் உதவி எண்டு நினைக்கிறம்."

அவள் குஞ்சைப் பற்றித்தான் சொன்னாள். பஸ்ரியனுக்கு அது குஞ்சோடு நிற்கவில்லை. அன்றிரவு அவன் பாணைப் பிட்டான், தின்னவில்லை. தான் எடுத்து நீட்டிய பாணெல்லாம் அவனுக்கு ஞாபகம் வந்தது. வெட்கமாய் இருந்தது.

அடுத்த நாள் முட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாய்த் தாமாகவே பொரித்தன. ஒன்று கூழ்முட்டை, அதை எறிந்தாயிற்று. பின்னேரமானபோது எட்டுக் குஞ்சுகள் கோழியின் செட்டைக்குள்ளிருந்து தலையை நீட்டின. ஒரு முட்டை மட்டும் மிச்சம். அதில் காலையிலேயே துளை விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. மதலேனா குஞ்சுகளுக்குக் குறுணல் அரிசி வாங்கக் கடைக்குப் போனாள். போகும்போது தன் போனை அவனிடம் கொடுத்துவிட்டுப் போனாள். மறந்து கொடுத்தாளோ நினைத்துக் கொடுத்தாளோ, பஸ்ரியன் இன்றுவரைக்கும் கேட்கவில்லை.

அவன் படகின் விளிம்பில் இருந்து முட்டையையே பார்த்தான். வலது கையின் பெருவிரல் தானாய் அசைந்தது. கையைத் தொடைக்குக் கீழே வைத்து அதன் மேல் ஏறி இருந்துகொண்டான். அப்போதுதான் போன் அடித்தது. டினோஜாவின் பெயர். இடது கையால் எடுத்தான்.

"அம்மா கடைக்குப் போட்டா" என்றான். "நான்தான்."

அந்தப் பக்கம் தையல் மெசின் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது. வைத்துவிடுவாள் என்று நினைத்தான். வைக்கவில்லை.

"அப்பா, நான்" என்றாள் டினோஜா.

அவ்வளவுதான். ஆவணியில் நின்ற அதே இடத்தில் சொல் நின்றது. பஸ்ரியனின் வாய்க்குள் நாலைந்து முடிவுகள் வரிசையில் நின்றன. தோளில் கிடந்த துவாயின் நுனியை எடுத்துப் பல்லுக்கிடையில் வைத்துக் கடித்தான். மகளுடைய மூச்சு கேட்டது. சொல் ஒருமுறை கிட்ட வந்து திரும்பிப் போனது. இன்னொருமுறை வந்தது. கோழி கொறுகொறுத்தது. கழுதை ஒன்று எழும்பி நடந்து போய் இன்னோர் இடத்தில் படுத்தது. தொடைக்குக் கீழே கை மரத்துப்போயிற்று. தன் வாழ்நாளில் இவ்வளவு நேரம் எதற்கும் வாயை மூடிக்கொண்டிருந்ததில்லை என்று பஸ்ரியனுக்குத் தோன்றியது; அது பொய்யும் இல்லை.

"நான் இஞ்ச கோயில்ல வாசகம் வாசிக்கப் போறன்" என்றாள் டினோஜா. "திருநாள் பூசையில. ஞாயிற்றுக்கிழமை. சுவாமி ஆவணியிலயே கேட்டவர். நீங்கள்... நீங்கள்..."

பஸ்ரியன் துவாயைக் கடித்தான்.

"நீங்கள் வருவீங்களோ, அப்பா?"

கேள்வி முடிந்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்தது. ஆனாலும் இன்னும் ஏதும் மிச்சம் இருக்குமோ என்று கொஞ்சம் பொறுத்தான். அதற்குப் பிறகுதான் துவாயை வாயிலிருந்து எடுத்தான்.

"ஓம்" என்றான்.

றிஸ்லானின் ட்ரக்டர் சனிக்கிழமை வந்து படகை இழுத்துப் போனது. தென்கரையில் கடைசித் துண்டு நிலம், மழை பெய்தால் தண்ணி நிற்கிற பள்ளம், பஸ்ரியனின் வாடிக்குக் கிடைத்தது. ஞாயிறு விடிய அவன் மதலேனாவோடு அடம்பன் பஸ்சில் ஏறினான். பூசை தொடங்க ஒரு மணித்தியாலம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்தார்கள்; அந்த விஷயத்தில் மாற்றமில்லை. ஆனால் அவன் தூணடியில் நிற்காமல் முன்வாங்கில் போய் இருந்தான். மதலேனா அவனை ஒருமுறை பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தாள்.

டினோஜா தான் தைத்த நீலச் சட்டையோடு வந்து புத்தகத்தின் முன் நின்றாள். முதல் வரிகள் நல்லாய்ப் போயின. பிறகு ஒரு சொல்லில் நின்றுவிட்டது. கோயில் அமைதியாயிற்று. சிலர் குனிந்துகொண்டார்கள், யாரோ இருமினார்கள், பின்னால் ஒரு பெண் அந்தச் சொல்லை மெதுவாய் எடுத்துக் கொடுக்கப் பார்த்தாள். பஸ்ரியன் திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்தான், அவள் நிறுத்திக்கொண்டாள். பிறகு வலது கையைத் தொடைக்குக் கீழே வைத்து அதன் மேல் ஏறி இருந்தான். டினோஜா கண்ணை மூடித் திறந்தாள். சொல் வந்தது. அதற்குப் பின்னால் மிச்சமெல்லாம் வந்தன, கடைசி வரைக்கும்.

சுவாமி ஆசீர்வாதத்துக்குக் கையைத் தூக்கியபோதும் அவன் அங்கேதான் இருந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்ததால் எழும்ப முடியவில்லை.

வெளியே மரநிழலில் டினோஜா வந்து அவர்கள் முன் நின்றாள். வாசகத்தைப் பற்றி அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. கடைசி முட்டை மிச்சம் என்பது வரைக்கும் தாய் அவளுக்குப் போனில் சொல்லியிருந்தாள்.

"கடைசி முட்டைக்கு என்ன நடந்தது?" என்று தகப்பனைக் கேட்டாள்.

"பொரிச்சிட்டுது" என்றான் பஸ்ரியன். "தானாய்த்தான் வந்தது. நான் தொடேல்லை."